இருபத்திநாலு வோல்ட்

அந்த மலை ஆசிரமத்தில் ஒரு விதி உண்டு. செல்போனை அடிவாரத்துப் பூக்கடையில் ஒப்படைத்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். மொத்த ஆசிரமத்துக்கும் வெளியுலகம் என்பது அலுவலக அறையில் இருந்த ஒரே ஒரு லேப்டாப்தான்.

அதன் முன்னால் தெய்வானை தவித்துக்கொண்டிருந்தாள். மகன் வயிரவன் நாலு மணிக்கு வீடியோவில் வருவதாக மெயில் போட்டிருந்தான். ஒரு வருஷமாகப் பேசாதவன். ‘இந்த ஒரு தடவைதான் கூப்பிடுவேன்’ என்றும் எழுதியிருந்தான். சொன்னால் சொன்னபடி செய்கிற பிள்ளை. அதுதான் அவளுக்குப் பயம்.

நாலு மணிக்குச் சற்று நேரமே இருந்தது. பேட்டரி ஆறு சதவீதம். சார்ஜர் வயரை அணில் கடித்து வைத்திருந்தது.

இழுப்பறையைத் தரையில் கவிழ்த்தாள். துறவு தேடி வந்தவர்கள் எதைத் துறந்தார்களோ இல்லையோ, சார்ஜரை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தாள். ஒன்று லொடலொடத்தது, இன்னொன்று நுழையவே மாட்டேன் என்றது. பாதிக் குவியலில் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. அப்பாடா என்று மறுமுனையைச் சுவரில் சொருகப் போனாள்.

“நில்லு தெய்வானை.”

வாசலில் குரு அருளம்மை நின்றிருந்தார். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. துறவுக்கு முன் அவர் பாலிடெக்னிக்கில் மின்னியல் நடத்தியவர்.

“பின்னு நல்லாப் பொருந்துது தாயே.”

“அது மேல என்ன போட்டிருக்கு?”

“நேரமில்ல தாயே. வந்துருவான்.”

“படி.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “இருபத்திநாலு வோல்ட்.”

“லேப்டாப்பைத் திருப்பிப் பாரு. அதுக்கு எவ்வளவு வேணும்?”

“பத்தொன்பது. ஆம்பியர் மூணு சொச்சம்.” ஒரு நொடி யோசித்தாள். “கூடத்தானே குடுக்குது? நல்லதுதானே?”

“இது பிரிண்டரோடது. பத்தொன்பது வேண்டிய இடத்துல இருபத்திநாலைத் தள்ளினா உள்ள கருகிப்போகும்.”

பேட்டரி நாலு சதவீதம். குரு நிதானமாகக் குவியலைக் கிளறினார். தெய்வானைக்கு அந்த நிதானத்தின் மேலேயே கோபம் வந்தது. செங்கல் போலக் கனத்த ஒன்றை எடுத்து, முனையைப் பொருத்திப் பார்த்தார். வோல்ட் பத்தொன்பது. முனையின் நடுவில் கூட்டல் என்று காட்டும் குறி சார்ஜர், லேப்டாப் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. ஆம்பியர் மட்டும் ஆறு.

“ரெண்டு மடங்கு இருக்கே தாயே. எரிஞ்சுறாதா?”

“ஆறு வரைக்கும் குடுக்க முடியும்னு அர்த்தம். லேப்டாப் கேக்குறதுதான் போகும். மிச்சத்துக்கு இது பேசாம இருக்கும்.”

சொருகினார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

“அவனுக்கு நான் என்ன குறை வச்சேன் தாயே?”

வந்த நாளிலிருந்து கேட்கிற கேள்விதான். குறை வைக்கவில்லை என்பது உண்மை. விடிந்தால் அவனுக்குப் போன், பொழுது அடைந்தால் போன். அவன் கேட்காமலே மூன்று இடத்தில் பெண் பார்த்தாள். கடைசியில் அவன் மேனேஜரையே கூப்பிட்டு, பிள்ளைக்கு வேலையைக் குறைத்துக் கொடுங்கள் என்று மன்றாடினாள். அன்றோடு பேச்சு நின்றது.

குரு அந்தப் பிரிண்டர் சார்ஜரை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“இதுலயும் ஒரு குறையும் இல்ல தெய்வானை. நல்ல சார்ஜர்தான்.”

தெய்வானை அதையே பார்த்தாள். அழுகை நின்றிருந்தது. குரு வெளியே போய்விட்டார்.

லேப்டாப் மணியடித்தது. திரையில் வயிரவன், இளைத்துப்போய், தாடியோடு.

“சாப்டியாம்மா?”

ஒரு வருஷத்துப் பேச்சு அத்தனையும் தொண்டைக்கு வந்தது. தாடி என்ன, உடம்பு என்ன, அவள் பார்த்து வைத்த பெண்களில் ஒருத்தி இன்னும் காத்திருக்கிறாள் என்பது என்ன.

“சாப்டேன்ப்பா.”

அவ்வளவுதான் சொன்னாள். அவன் காத்திருந்தான். அவளும் காத்திருந்தாள்.

“ஏம்மா ஒண்ணும் பேசமாட்டேங்குற?”

“நீ சொல்லுப்பா” என்றாள்.