குறையே சொல்லாத பயணிகள்

ஒரு காட்டில் அகலமான ஆறு ஒன்று ஓடியது. அக்கரை முழுக்க நாவல் மரங்கள். சின்னப் பிராணிகளை முதுகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் ஆமையின் பிழைப்பு. கூலி, ஆளுக்கு ஒரு பிடி கீரை.

ஆமை மெதுவாகத்தான் நீந்தும். ஏறியவர்களோ சும்மா வரமாட்டார்கள். "முதுகு வழுக்குகிறது" என்று முயல் முனகும். "நாம் போய்ச் சேர்வதற்குள் பழமெல்லாம் உதிர்ந்துவிடும்" என்று அணில் நச்சரிக்கும். ஆமைக்கு மனசு வலிக்கும். ஆனாலும் பேசாமல் நீந்தும்.

ஒருநாள் முதலை ஒன்று துறைக்கு வந்து கூவ ஆரம்பித்தது.

"வாருங்கள், வாருங்கள்! ஆமையைவிடப் பத்து மடங்கு வேகம். ஆமையைக் குறை சொல்லாதவர் இல்லை. என் முதுகில் ஏறியவர் ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. யாரையும் நான் கடித்ததும் இல்லை. கூலியும் வேண்டாம்."

கூட்டம் முதலைப் பக்கம் சாய்ந்தது. போனவர்கள் திரும்பவில்லை. "பழத்தை விட்டுவர மனசு வருமா?" என்று இக்கரையில் இருந்தவர்கள் பொறாமைப்பட்டார்கள்.

ஆமை பட்டினி கிடந்தது. பசியோடு ஒரு சந்தேகமும் அதைக் குடைந்தது. கூலியே வாங்காத முதலை எப்படி நாளுக்கு நாள் பருக்கிறது?

அன்று அணில் மூட்டை முடிச்சோடு முதலையை நோக்கிப் போவதைக் கண்டதும் ஆமைக்குத் திக்கென்றது. தன்னை அதிகம் திட்டியது அணில்தான். அதற்காக அது சாக வேண்டுமா? தண்ணீர் குடிக்க வந்த சிங்கராஜாவின் காலை ஆமை பிடித்துக்கொண்டது.

"அரசே, முதலையின் விளம்பரம் மோசடி."

"எந்தச் சொல் பொய்?" என்று முதலை முந்திக்கொண்டது. "நான் வேகமில்லையா? ஆமையை இவர்கள் திட்டவில்லையா?"

சிங்கம் பிடரியைச் சொறிந்தது. "பொய் சொல்லக் கூடாது என்பதுதான் காட்டுச் சட்டம். இவன் சொன்னதில் பொய் இல்லையே."

"அப்படியானால் என்னைக் குறை சொல்பவர்களைக் கூப்பிடுங்கள்" என்றது ஆமை.

கேட்க வேண்டுமா? முதலையின் முதுகில் கால் வைத்த அணில்கூட இறங்கி ஓடிவந்தது. முயலும் எலியும் ஓணானும் ஒரே நேரத்தில் கத்தின.

"வழுக்குகிறது."

"நேரமாகிறது."

"போன வாரம் என் வால் நனைந்துவிட்டது."

எல்லாவற்றையும் ஆமை பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. "நல்லது. இப்போது முதலையின் முதுகில் போனவர்களைக் கூப்பிடுங்கள். வந்து பாராட்டட்டும்."

யாரும் வரவில்லை. சிங்கம் காகத்தை அக்கரைக்கு அனுப்பியது. காகம் பறந்துபோய்த் திரும்பியது.

"அங்கே ஒருவரும் இல்லை, அரசே. தின்ன ஆளில்லாமல் பழமெல்லாம் அழுகிக் கிடக்கிறது."

எல்லோரும் முதலையைப் பார்த்தார்கள்.

"நான் யாரையும் கடித்ததே இல்லை" என்றது முதலை கம்பீரமாக. "அப்படியே விழுங்குவதோடு சரி."

அணில் மூட்டையைப் போட்டுவிட்டு ஆமையின் முதுகில் தாவி ஏறியது.

தின்றதற்காக முதலையைத் தண்டிக்கச் சிங்கத்துக்கு மனசு வரவில்லை. சிங்கமும் அசைவம்தானே. ஆனால் சட்டத்தை அங்கேயே திருத்தி எழுதியது.

"விளம்பரம் செய்கிறவர் பொய் சொல்லவும் கூடாது, கேட்பவர் அறிய வேண்டியதை மறைக்கவும் கூடாது. அடுத்தவரோடு தன்னை ஒப்பிடுகிறவர் அதற்குச் சாட்சியைக் கொண்டுவர வேண்டும். சாட்சி உயிரோடு இருக்க வேண்டும்."

மறுநாள் முதலை சட்டப்படியே கூவியது: "வாருங்கள், வாருங்கள்! நல்ல வேகம். ஏறியவர் யாரும் இதுவரை கரை சேரவில்லை."

தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

நீதி: சொன்னதெல்லாம் உண்மையானாலும், சொல்லாமல் மறைத்தது கேட்பவரைக் கெடுக்குமானால் அதுவும் மோசடியே.