தோப்புக்குப் போகும் தெரு

கொக்கிப்புழுவைப் பற்றி அமலோற்பவம் எழுதிய கட்டுரைகளைப் பல நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் பாடமாக வைத்திருந்தார்கள். அவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த சீவரத்தினம் அவரைவிட வயதில் மூத்தவர். சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்துக்கொண்டே படித்து, தலை நரைத்த பிறகு குருவைத் தேடி வந்தவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை அண்ணே என்பார்.

சீவரத்தினத்தின் முதல் கட்டுரை அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. குருவின் சம்மதம் மட்டும்தான் பாக்கி.

முந்திரித் தோப்புகளில் வேலை செய்யும் காலனிப் பெண்களுக்கு ரத்தம் வற்றிப் போயிருந்தது. ஈர மண்ணில் கிடக்கும் புழு வெறுங்காலைத் துளைத்து உடம்புக்குள் ஏறி, குடலில் தங்கி ரத்தம் குடிக்கிறது. மாத்திரை கொடுத்தார்கள். செருப்பும் கொடுத்தார்கள். மறு வருடம் பார்த்தால் அதே புழு, அதே சோகை. செருப்புகள் வீட்டு மூலையில் புத்தம் புதிதாகக் கிடந்தன.

'அறியாமையே காரணம்' என்று சீவரத்தினம் கட்டுரையை முடித்திருந்தார். அந்த வரி அச்சில் வந்ததும் செருப்புத் திட்டத்தை நிறுத்திவிட அதிகாரிகள் காத்திருந்தார்கள். கொடுப்பதை நிறுத்த ஒரு காரணம் கிடைத்தால் அரசாங்கம் எவ்வளவு வேகமாகப் படிக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

"ஏன் மேடம் போட மாட்டேங்கறாங்க? சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்."

அமலோற்பவம் கட்டுரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வாங்க, தோப்பு வரைக்கும் நடந்துட்டு வருவோம்."

காலனியில் அஞ்சலாட்சி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலையில் கூடை, இடுப்பில் கைப்பிள்ளை.

"செருப்பு எங்கம்மா?" என்றார் சீவரத்தினம்.

"பத்திரமா இருக்கு சார். பொண்ணு கல்யாணத்துக்குச் சீர் வைக்கலாம்னு எடுத்து வச்சிருக்கேன்."

"விளையாடாத. போட்டுக்கிட்டு வா."

போட்டுக்கொண்டு வந்தாள். தோப்புக்குப் போக ஊர்த்தெரு ஒன்றுதான் வழி. மழை பெய்து ஓய்ந்திருந்தது.

தெரு முனையில் அஞ்சலாட்சி நின்றாள். காலை உதறிச் செருப்பைக் கழற்றினாள். ஆனால் அதை எடுக்க முடியவில்லை. ஒரு கை கூடையைப் பிடித்திருந்தது, இன்னொரு கை பிள்ளையை.

"எதால தூக்கிட்டுப் போறது சார்? பல்லாலயா?" என்று சிரித்தாள்.

எடுத்துக் கொடுக்கலாம் என்று சீவரத்தினம் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவருடைய செருப்பும் அங்கேதான் கிடந்தது.

எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை. அது அவருடைய ஊர் அல்ல. அந்தத் தெருவில் அவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அவரும் இப்படி ஒரு காலனியில் பிறந்தவர். படிப்பும் உத்தியோகமும் வந்து எத்தனையோ காலம் ஆகியும், கால் யாரையும் கேட்காமல் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

"சின்னப் பிள்ளையில அம்மா சொல்லிக் கொடுத்தது மேடம். ஊர்த்தெரு வந்தா செருப்பு கையில இருக்கணும்னு."



அமலோற்பவம் அவருடைய செருப்பை எடுத்தார். ஒட்டியிருந்த சேற்றைப் புடவைத் தலைப்பால் துடைத்து அவர் காலடியில் வைத்தார்.

"ஐயோ, நீங்க போய்..." சீவரத்தினம் பின்னால் நகர்ந்தார்.

"மண்ணு ஈரமா இருக்குண்ணே."

"தெருவைத் தாண்டிப் போட்டுக்கறேன் மேடம்."

அஞ்சலாட்சியின் சிரிப்பு நின்றிருந்தது. "அம்மா, நீங்க சாயங்காலம் ஜீப்புல ஏறிடுவீங்க. நான் இங்கதான் குப்பை கொட்டணும்."

"தெரியும்மா. உன்னைப் போடச் சொல்லலை."

அமலோற்பவம் அவளுடைய செருப்பை எடுத்துத் தன் கைப்பைக்குள், கட்டுரைக்கு மேலேயே வைத்துக்கொண்டார். "அந்தப் பக்கம் போனதும் தரேன்."

முதல் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் செய்தித்தாளைத் தாழ்த்தி இவர்களைப் பார்த்தார்.

சீவரத்தினம் தன் வெறுங்காலைப் பார்த்தார்.

"அந்த வரியை அடிச்சிடறேன் மேடம். ஆனா, காரணம்னு வேற என்ன எழுதறது?"

"போட்டுக்கிட்டு நடங்கண்ணே. அந்தக் கோடிக்குப் போய் எழுதிக்கலாம். நான் கூடவே வரேன்."