அண்ணாச்சியின் சாதனை மலர்

பேருந்து நிலையத்தில், நகராட்சிக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து செல்லக்கனி பிரிண்ட் போட்டுப் பிழைத்துவந்தாள். ஒருநாள் கவுன்சிலர் பரமகுரு, உதவியாளர் உடையப்பனோடு வந்து பென் டிரைவை நீட்டினார்.

"என் சாதனை மலர். சாயங்காலம் மேடையில வெளியிடுற வரைக்கும் யாரும் படிக்கக் கூடாது. திறந்து பார்க்காம அப்படியே பிரிண்ட் போடு."

அவளும் அப்படியே போட்டாள். எல்லாப் பக்கமும் வெள்ளையாக வந்தது.

"ஓட்டை மெஷினை வச்சு ஊரை ஏமாத்துறியா? மலர் வரலேன்னா நாளைக்கே கடையைக் காலி பண்ண வச்சிருவேன்!"

செல்லக்கனி மெஷினைத் திறந்து பார்த்தாள். இங்க் நிறையவே இருந்தது. பிரிண்ட் ஹெட்டைச் சுத்தம் செய்து சோதனைப் பக்கம் எடுத்தாள். எல்லா நிறமும் பளிச்சென்று விழுந்தது. வரிசையில் நின்ற பெண்ணின் ஹால் டிக்கெட்டும் எழுத்துப் பிசகாமல் வந்தது. மறுபடி மலரைப் போட்டாள். வெள்ளைதான்.

"அண்ணாச்சி, உள்ள இருக்கிறதைத்தான் மெஷின் அடிக்கும். நீங்க ஏதாவது செஞ்சிருந்தா சொல்லுங்க, நானே டைப் பண்ணி கலர்ல போட்டுத் தாரேன்."

வரிசையே சிரித்தது. பரமகுரு உடையப்பனை முறைத்தார்.

"என்ன எழுதட்டும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், அண்ணாச்சி," என்றான் உடையப்பன். "நீங்கதான் யோசிச்சுச் சொல்றேன்னீங்க."

பரமகுரு பென் டிரைவைக்கூட வாங்காமல் நடையைக் கட்டினார். கடையைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை.