வளைவில் வழுக்காத நுங்கு வண்டி

செங்கரட்டுக் காட்டில் சுள்ளி என்று ஒரு கீரி இருந்தாள். உடம்பு ஒரு முழம்தான். கோபம் பனைமர உயரம். யாராவது "உன்னால முடியாது" என்று சொல்லிவிட்டால் போதும், வால் முடி அத்தனையும் நட்டுக்கொண்டு நிற்கும்.

காட்டின் நடுவே இருந்த பாறைக் குன்றான கரட்டின் அடியில் ஒரு சுனை இருந்தது. கோடை வந்தால் காடு முழுவதற்கும் தண்ணீர் அது ஒன்றுதான். யார் முதலில் குடிப்பது என்று சண்டை வராமலிருக்க அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சித்திரை பிறந்து நுங்கு இறங்கியதும் வண்டிப் பந்தயம். கரட்டு உச்சியிலிருந்து பாறைச் சரிவில் உருண்டு, எந்த வண்டி முதலில் சுனைக்கு வருகிறதோ அதை ஓட்டியவரின் கூட்டத்துக்குக் கோடை முழுக்க முதல் தண்ணீர்.

மூன்று கோடையாக உரலன் என்ற காட்டுப்பன்றிதான் ஜெயித்துக்கொண்டிருந்தான். பன்றிக் கூட்டம் குடித்துவிட்டுப் போனால் பரவாயில்லை. குடித்த தண்ணீரிலேயே இறங்கிப் புரளும்! அடுத்து வருகிறவர்களுக்குச் சேறுதான் மிச்சம். போன கோடையில் அந்தச் சேற்றைக் குடித்து, சுள்ளியின் குட்டி ஒன்று படுத்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. இன்னும் மூன்று குட்டிகள் இருந்தன.

"இந்த வருஷம் முதல் தண்ணி எனக்கு!" என்றாள் சுள்ளி.

காடே சிரித்தது. சுள்ளி வண்டி கட்டப் போய்விட்டாள்.

குரங்குகள் நுங்கைத் தின்றுவிட்டு எறிந்த பனங்காய்கள் நான்கு. அவைதான் சக்கரம். குறுக்கே இரண்டு குச்சி, மேலே ஒரு மூங்கில் தட்டி, முன் சக்கரத்தை இழுத்துத் திருப்ப ஒரு கொடி. வண்டி தயார்.

நேர்ச் சரிவில் வண்டி பறந்தது. தொல்லையெல்லாம் கொக்கி வளைவில்தான். பாதி வழியில் பாறை சட்டென்று இடது பக்கம் திரும்பும். வலது பக்கம் காரைமுள் புதர். முன் சக்கரம் இடது பக்கம் திரும்பினாலும் பின் சக்கரம் பிடிப்பு விட்டு வெளியே வீசும். வண்டி பம்பரமாகச் சுற்றிப் புதருக்குள் போய்விடும். அதனால் எல்லோரும் வளைவுக்கு முன்பே காலைத் தரையில் ஊன்றி வேகத்தைக் குறைப்பார்கள். உரலனுக்குப் பெரிய குளம்பு. கடைசி நேரத்தில் ஊன்றினாலும் வண்டி நிற்கும். சுள்ளியின் பாதமோ புளியங்கொட்டை அளவு. அவள் வெகு தூரத்துக்கு முன்பே தேய்த்துக்கொண்டு வர வேண்டும். அங்கேதான் பின்தங்கிவிடுவாள்.

"காலை ஊனாமலே திரும்பணும். அதுக்கு என்ன வழி?" என்று யோசித்தாள்.

முதலில் பின்பக்கம் கல்லை வைத்துப் பார்த்தாள். கல் சக்கரத்தை அமுக்கியது உண்மைதான். ஆனால் வளைவு வந்ததும் கல்லுக்குத் திரும்ப மனசில்லை. நேராகவே போகப் பார்த்தது, வண்டியையும் இழுத்துக்கொண்டு. சுள்ளி புதரில் உட்கார்ந்து முள் பிடுங்கினாள்.

பட்டமரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான் ஒரு கரிச்சான் குருவி. பேச்சில் கெட்டிக்காரன்.

"சிறகு வேணுமா, சிறகு? ஓலையில சீவித் தர்றேன். என்னை மாதிரியே வளைஞ்சு வளைஞ்சு போகலாம்!"

"என்ன கேக்குறே?"

"பத்து வெட்டுக்கிளி."

"காய்ஞ்ச ஓலைக்குப் பத்தா? மரத்தடியில சும்மா கிடக்குதே!"

"ஓலை சும்மாதான். சீவுற வித்தைக்குத்தான் பத்து."

"மூணு."

"எட்டு. என் பொஞ்சாதி அடை காக்குறா, பாவம் பாரு."

"உன் பொஞ்சாதிக்கு நானா புருஷன்? மூணு!" சுள்ளி வண்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

"இரு, இரு! நாலு! கட்டியும் குடுத்துடறேன்!"

கரிச்சான் பனையோலையைச் சீவினான். வண்டியின் பின்னால் இரண்டு குச்சி நட்டு, அதன்மேல் ஓலையைப் படுக்க வைத்துக் கட்டினான். தன் சிறகை எப்படிப் பிடிப்பானோ அப்படியே, முன் விளிம்பு தூக்கலாக, பின் விளிம்பு தாழ்வாக.

சுள்ளி உச்சியிலிருந்து விட்டாள். வேகம் ஏற ஏறக் காற்று ஓலையின் அடியில் புகுந்தது. பின் சக்கரம் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. வளைவு வரும்போது வண்டி உருளவில்லை, மிதந்தது. புதருக்குள் போன தடவையைவிடப் பத்து முழம் தள்ளிப் போய் விழுந்தாள்!

முள்ளோடு முள்ளாகப் பட்டமரத்தடிக்கு வந்தாள்.

"யோவ்! கீழே இறங்கி வாய்யா!"

"எதுக்கு? நான் இங்கேயே சௌக்கியமா இருக்கேன்."

"நாலு வெட்டுக்கிளி தின்னியே, ஏமாத்துக்காரா! இது என்ன சிறகு?"

"ஏமாத்தா? நல்லா இருக்கே கதை! சிறகு கேட்டே, குடுத்தேன். அது தூக்குச்சா இல்லையா? சிறகு வேறென்ன செய்யும், உனக்குக் கால் பிடிச்சு விடுமா?"

சுள்ளி பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

"தூக்குச்சு," என்றாள் மெதுவாக. "காத்து கீழ பட்டுச்சு, மேல தூக்குச்சு. அப்போ காத்து மேல பட்டா?"

"கீழ அமுக்கும். ஆனா எந்தப் பறவைக்காவது அமுக்கிக்க ஆசை வருமா?"

"நான் பறவை இல்லய்யா!"

கட்டை அவிழ்த்தாள். ஓலையைத் திருப்பினாள். இந்தத் தடவை முன் விளிம்பு தாழ்வு, பின் விளிம்பு தூக்கல். காற்று முன்னாலிருந்து வந்து ஓலையின் முதுகில் ஏறி, பின்னால் மேல்நோக்கிப் பாயும். உறுதி செய்துகொள்ள, எதிர்க்காற்றில் வண்டியை நிறுத்தி ஒரு பிடி புழுதியை ஓலைமேல் தூவினாள். புழுதி சரசரவென்று மேலே எழும்பிப் போனது. ஓலை காற்றை மேலே தள்ளுகிறது, காற்று ஓலையைக் கீழே தள்ளுகிறது. ஓலை குச்சியை, குச்சி சக்கரத்தை, சக்கரம் பாறையை!

மெதுவாக உருட்டிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மெதுவாகப் போனால் ஓலை தூங்கிவிடும், வேகமாகப் போனால்தான் விழிக்கும் என்று புரிந்தது. "நல்லதாப் போச்சு. வேகமாப் போறப்பதானே எனக்கு வேணும்!"

பின் விளிம்பை ரொம்பத் தூக்கிக் கட்டினாள். ஓலை சுவர் மாதிரி நின்று காற்றை மறித்தது, வண்டி நத்தையாகிவிட்டது. தாழ்த்திக் கட்டினாள். அமுக்கம் போதவில்லை, புதர். நடுவில் ஒரு அளவு. பின் சக்கரம் பிடித்தது, ஆனால் முன் சக்கரம் லேசாகித் திரும்ப மறுத்தது. தட்டியில் இன்னும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். இந்த அளவைக் கண்டுபிடிக்க ஒன்பது நாளும் எண்ண முடியாத முள்ளும் ஆயின.

பட்டமரத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். "கரிச்சானே! நீ கட்டினதுக்கு நேர்மாறாக் கட்டித்தான் வேலை செய்யுது. ரெண்டு வெட்டுக்கிளியைத் திருப்பிக் குடு!"

"தின்னதை எப்படிம்மா திருப்பிக் குடுக்கிறது!" என்று கரிச்சான் பறந்தே போய்விட்டான்.

பந்தய நாள். உச்சியில் எல்லா வண்டியும் வரிசையாக நின்றன. உரலன் சுள்ளியின் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான்.

"என்ன சுள்ளி, முறத்தைக் கட்டிக்கிட்டு வந்திருக்கே? சுனையில போய் அரிசி புடைக்கப் போறியா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சக்கரத்தை அமுக்குறதுக்கு, உரலண்ணே."

"அமுக்கவா? அதுக்குக் கல்லு இருக்கறப்ப ஓலை எதுக்கு?" உரலன் ஒன்றுக்கு மூன்றாகக் கல்லைத் தூக்கித் தன் வண்டியின் பின்னால் போட்டான். "பாரு, இதான் அமுக்கு!"

நடுவராக இருந்த கிழக் குரங்கு கையைத் தூக்கியது. "வண்டியில எதை வேணா ஏத்துங்க. ஆனா யாரும் யாரையும் தள்ளக் கூடாது. விடுங்கப்பா!"

வண்டிகள் பாய்ந்தன. உரலன் முதல் ஆள். சுள்ளி நாலு வண்டி நீளம் பின்னால். ஓலையில் காற்று மோதி வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தது. அது அவளுக்குத் தெரிந்த கணக்குதான். நேர்வழியில் கொஞ்சம் கொடுத்தால்தான் வளைவில் நிறைய வாங்கலாம்.

"ஓலைதான் இழுக்குது! பிடுங்கிப் போடு!" என்று ஓரத்தில் நின்ற முயல்கள் கத்தின.

உரலன் இன்னும் ஒரு வண்டி நீளம் முந்தினான். பிடுங்கிப் போட ஒரு நொடி போதும். சுள்ளியின் கை கூடப் பின்னால் போனது. குட்டிகளின் முகம் ஞாபகம் வந்தது. கையை முன்னால் கொண்டுவந்து கொடியை இறுக்கிப் பிடித்தாள்.

வளைவு வந்தது. மற்றவர்கள் எல்லோரும் காலை ஊன்றினார்கள். உரலனும் குளம்பை நீட்டினான். நீட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். சுள்ளி காலை ஊன்றவே இல்லை!

"ஒரு முழத்துக் கீரி ஊனாம வருது, நான் ஊனுறதா!" குளம்பை உள்ளே இழுத்துக்கொண்டான்.

முன் சக்கரம் திரும்பியது. பின்னால் இருந்த மூன்று கல்லும் திரும்பவில்லை. உரலனின் வண்டி பின்பக்கத்தை வெளியே வீசி, ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் காரைமுள் புதருக்குள் போய்ச் சொருகிக்கொண்டது.

சுள்ளி அதே வேகத்தில் வந்தாள். ஓலை விர்ரென்று இரைந்தது. குச்சிகள் வளைந்தன. பனங்காய்ச் சக்கரம் பாறையைக் கடித்துக்கொண்டு கிறீச்சிட்டது. வாய்க்காலில் தண்ணீர் திரும்புகிற மாதிரி வண்டி திரும்பியது. வளைவைத் தாண்டியபோது அவளுக்கு முன்னால் யாருமே இல்லை. சுனையின் ஓரத்துக் கல்லில் மோதித்தான் நின்றாள்.

"முதல் தண்ணி கீரிக்கு!" என்று உச்சியிலிருந்து தாவி இறங்கி வந்த நடுவர் அறிவித்தது.

புதரிலிருந்து அலறல் கேட்டது. "சுள்ளி! தாயி! முள்ளை எடுத்து விடு! எங்க கூட்டத்துல யாருக்கும் முள் பிடுங்குற கை இல்லை!"

சுள்ளி நடுவரையும் அழைத்துக்கொண்டு சாவகாசமாகப் போய் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தாள்.

"எடுக்கலாம். முதல்ல பேசி முடிச்சுக்குவோம். முதல் தண்ணி நான் ஓடி ஜெயிச்சது, அதுல பேச்சே இல்லை. இனிமே நீங்க சுனையில புரளக் கூடாது. கீழே வழிஞ்சு ஓடுற பள்ளம் இருக்கு, அங்கே புரளுங்க."

"சரி, இந்தக் கோடை."

"எந்தக் கோடையும்."

"ரெண்டு கோடை! அதுக்கு மேல என்னால..."

சுள்ளி ஒரு முள்ளை விரலால் லேசாகத் தட்டினாள்.

"ஐயோ! எந்தக் கோடையும்! எந்தக் கோடையும்! நடுவரே, நீங்களே சாட்சி!"

அதற்குப் பிறகுதான் முதல் முள் வெளியே வந்தது. மறுநாள் காலையில் சுனையின் அடியில் கிடந்த கல் கூடத் தெளிவாகத் தெரிந்தது. மூன்று கீரிக்குட்டிகளும் வயிறு புடைக்கக் குடித்தன. அவற்றுக்குப் பின்னால் முயல்களும் குரங்குகளும் குடித்தன. கடைசியாக வந்த பன்றிகளுக்கும் தெளிந்த தண்ணீர்தான் கிடைத்தது.

வேகத்தைக் கூட்ட யாராலும் முடியும்; அந்த வேகத்தையே தன்னைத் தரையோடு பிடித்து நிறுத்தும் பலமாக மாற்றிக்கொள்ளத் தெரிந்தவரே வளைவைக் கடந்து வெல்வார்.