இமைக்குள் இரைச்சல்

அந்த நரம்பியல் துறையில் குருவுக்கு வயது குறைவு, சீடருக்கோ வழுக்கை. பல வருடம் ஊரில் வைத்தியம் பார்த்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவர் டாக்டர் இன்பராஜ். பேராசிரியை ரெஜினாவிடம் அன்று கோபமாக ஒரு கேள்வியைக் கொண்டுவந்தார்.

"மேடம், அடங்காத நோயாளியை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?"

"யார் அது?"

"பஸ் டிரைவர் தவசிமுத்து. இடது இமை தொங்குகிறது. பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது. தசைச் சோர்வு நோய்தான். இமைமேல் ஐஸ் வைத்தேன், கொஞ்சம் எழுந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்? மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தால், துப்புகிறார்."

"ஏனாம்?"

"தலைக்குள் ஏதோ இரைகிறதாம். அது இந்த நோயிலேயே கிடையாது. அதனால் கேஸ் ஷீட்டில் நான் எழுதவில்லை."

ரெஜினா எழுந்து வார்டுக்கு நடந்தார்.

தவசிமுத்து கட்டிலில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். இடது கண் சிவந்து லேசாகப் பிதுங்கியிருந்தது.

"டாக்டரம்மா, எனக்கு இந்த சார் ரெண்டு பேராத் தெரியுறார். ரெண்டு பேரும் ஒரே மாத்திரையத்தான் நீட்டுறாங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"இப்பத் தொறந்தீங்களே?"

"பேசத்தான் தொறப்பேன்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். இன்பராஜ் சிரிக்கவில்லை.

"வாய் கெடக்கட்டும். கண்ண மூடுங்க."

மூடிய இமைமேல் ரெஜினா மெதுவாக ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். நெஞ்சுக்கு உரியதைக் கண்ணில் வைப்பது இன்பராஜுக்கு முறைகேடாகப் பட்டது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் காதுக்குழல் அவர் காதுக்கு வந்துவிட்டது.

"மூச்சப் பிடிங்க, தவசிமுத்து."

உஸ்... உஸ்... உஸ்... நாடி துடிக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ சீறியது. தசை இப்படிச் சீறாது. கண்ணுக்குப் பின்னால் தமனி ஓட்டையாகி, ரத்தம் சிரைக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. ஐஸில் வீக்கம் வடிந்ததால்தான் இமை எழுந்திருக்கிறது.

"கேக்குதா சார்?" என்றார் தவசிமுத்து.

"கேக்குது," என்றார் இன்பராஜ்.

"எனக்கு அது நிக்கிறதே இல்ல."

"இன்னைக்கே ஸ்கேன் எடுப்போம்," என்றார் ரெஜினா. "ஓட்டைய அடைச்சிட்டா பார்வையக் காப்பாத்திரலாம்."

வராந்தாவுக்கு வந்ததும் இன்பராஜ் நின்றார்.

"மேடம், நான் சொன்னபடி அவர் கேட்டிருந்தால்?"

"இந்த வார்டிலேயே நல்ல நோயாளி என்று பெயர் எடுத்திருப்பார், சார்," என்றார் ரெஜினா. "ஒற்றைக் கண்ணோடு."