கால் ஊன்றாத பச்சோந்தி

அந்தக் காலத்தில், எறும்புகூட வழியில் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போன காலத்தில், பச்சோந்தியின் நடை நேராக இருந்தது. இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்த்தன. உடம்பு வெறும் சாம்பல் நிறம். இன்று அதைப் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஏரிக்கரைக் காட்டில் இருந்த ஒரு பச்சோந்தியால்தான் எல்லாம் மாறியது. எதைப் பார்த்தாலும் அவளுக்கு அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். கிளி கிளையைப் பிடிக்கும் விதம் பிடித்துப்போய், ஒரு கோடை முழுக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்து, விரல்களை இரண்டாகப் பிரித்துக் கவ்வப் பழகினாள். தவளையிடம் போய் நாக்கை வீசிப் பூச்சி பிடிக்கக் கற்றாள். கடைசியில் தவளையைவிட நீளமாக வீசினாள், அதில் தவளைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மரவட்டையிடம் சுருளக் கற்றபோது வால் சுருண்டதுமே போதும் என்று எழுந்துவிட்டாள். ஏனென்றால் அன்றைக்குத்தான் தளிர் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுவதைப் பார்த்திருந்தாள். அது எப்படி என்று இலைகளை நச்சரித்துக் கேட்டு, அந்தச் சாயங்களைத் தன் தோலிலேயே போட்டுப் பார்த்தாள். தூக்கணாங்குருவியிடம் கூடு பின்னவும் கற்றாள். அந்தக் கூடு பாதியில் தொங்கியது.

எல்லாம் தெரியும், எதுவும் முடிந்தபாடில்லை என்று காடு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அதனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை, உடும்பார் சட்டம் போடும் வரை.

அதற்கு முந்தின வருஷம் பெய்த மழையில் காடே வெள்ளமாகி, எல்லாரும் மேட்டுக்கு ஓடி, இடத்துக்காக அடித்துக்கொண்டார்கள். முயல் குட்டிகள் மிதிபட்டன. இனி அப்படி நடக்கக் கூடாது என்று காட்டுத் தலைவர் உடும்பார் மேட்டின் உச்சியில் நின்ற இலுப்பை மரத்தைச் சுற்றி வட்டமாகக் கற்களை உருட்டிப் போட்டார். ஒரு தொழிலுக்கு ஒரு கல். நெசவுக்கு ஒன்று, தச்சுக்கு ஒன்று, சாயத்துக்கு, பாட்டுக்கு, வேட்டைக்கு என்று தனித்தனியாக. மழை வரும் நாளில் அவரவர் தொழிலின் கல்மேல் வலது முன்காலை ஊன்ற வேண்டும். அந்தக் கல்லுக்குப் பின்னால் சரியும் மண்தான் அவர்களுக்கு மழைக்கால இடம். ஊன்றியபின் வேறு கல்லுக்கு மாறக் கூடாது. ஊன்றாதவருக்கு இடமில்லை. முதல் துளி விழும் வரை அன்று யாரும் யாரையும் தின்னவும் கூடாது.

உடும்பார் ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஆள் இல்லை. அதனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அந்த வருஷம் பச்சோந்தியின் வயிற்றில் முட்டைகள் இருந்தன. முட்டையிட வெள்ளம் ஏறாத மண் வேண்டும். பள்ளத்தில் இட்டால் தண்ணீரோடு போய்விடும். எப்படியாவது ஒரு கல்லில் கால் வைத்தே தீர வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் இலுப்பை மரத்தடிக்கு வந்தாள்.

மேகம் கருத்துக்கொண்டு வந்தது. மரங்கொத்தி யோசிக்கவே இல்லை. தச்சுக் கல்லில் காலை வைத்துவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டது. அதைப் பார்க்கப் பச்சோந்திக்குப் பொறாமையாக இருந்தது.

"வாக்கா, மிச்சக் கூட்டை மழை விட்டதும் முடிச்சுக்கலாம்" என்று தூக்கணாங்குருவி நெசவுக் கல்லிலிருந்து கூப்பிட்டது. அவள் சந்தோஷமாகப் போய்க் காலைத் தூக்கினாள். இங்கே வைத்துவிட்டால் சாயத்தை என்ன செய்வது என்று தோன்றியது. காலை இழுத்துக்கொண்டாள். சாயக் கல்லுக்கு வந்து தூக்கினாள். அப்போது நாக்கு ஞாபகம் வந்தது. வேட்டைக் கல்லில் கால் வைக்க வந்தவர்களோடு, காலே இல்லாததால் வாலை வைத்துக்கொண்டு படுத்திருந்த சாரைப்பாம்பு, "அந்த நாக்குக்கு நீ இங்கதான் வரணும் தாயி, வந்துரு" என்று நயமாக அழைத்தது. அவள் அந்தப் பக்கமும் ஓர் அடி வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள்.

சோம்பேறி என்று சிலர் முணுமுணுத்தார்கள், கர்வம் என்றார்கள் சிலர். இரண்டும் இல்லை. ஒரு கல்லில் கால் பட்டதும் மற்ற எல்லாக் கல்லும் அந்நியமாகிவிடுமே என்று அவளுக்குப் பயமாக இருந்தது. இரண்டு கல்லை ஒரே நேரத்தில் பார்த்தாலாவது தெளியுமா என்று ஒரு கண்ணை நெசவுக்கும் ஒரு கண்ணைச் சாயத்துக்கும் திருப்பினாள். கண்கள் பிரிந்து போயின. குழப்பம்தான் இரண்டு மடங்கானது.

உடும்பார் அருகில் வந்தார்.

"உன் தொழில் என்னம்மா?"

"எதைச் செஞ்சிட்டிருக்கேனோ அதுதான் பெரியவரே."

"சரி. இப்ப என்ன செய்யற?"

அவள் தன் கால்களைப் பார்த்தாள். "இப்ப ஒண்ணும் செய்யலயே" என்றாள்.

உடும்பார் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார். பச்சோந்திக்கு அழுகை வந்தது. இத்தனையும் தெரிந்து வைத்திருப்பது ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக்கூட உதவவில்லையே என்று அவமானமாக இருந்தது. வயிறு வேறு கனத்துக்கொண்டே போனது.

வட்டத்துக்கு நடுவில், இலுப்பை மரத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆவாரஞ்செடி நின்றது. அதில் ஏறினால் எல்லாக் கல்லும் தெரியும், கடைசியாக ஒருமுறை பார்த்து முடிவு செய்யலாம் என்று ஏறினாள். வலது காலைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து முதல் துளி அவள் மூக்கில் விழுந்தது.

கண் மூடித் திறப்பதற்குள் எல்லாரும் தங்கள் இடத்துக்கு ஓடிவிட்டார்கள். தின்னக் கூடாது என்ற தடையும் முடிந்துவிட்டது. சாரை மட்டும் வேட்டைக் கல்லை விட்டு நடுவட்டத்துக்குள் வந்தது. நயமெல்லாம் போயிருந்தது.

ஓட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. தூக்கிய கால் தூக்கியபடி இருக்க, உடம்பு முன்னே போனது, பின்னே வந்தது, மறுபடி முன்னே போனது. ஒரு கண் சாரையைப் பார்த்தது, இன்னொரு கண் செடிக்குக் கீழே இருந்த மண்ணைப் பார்த்தது. விரல்கள் கிளியைப்போலக் கிளையைக் கவ்வியிருந்தன, வால் மரவட்டையைப்போலச் சுருண்டிருந்தது. தோலில் எந்தச் சாயம் ஏறியது என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. மழைக்காற்றில் ஆவாரம் இலைகளும் அவளைப்போலவே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தன.

சாரை செடியை இரண்டு முறை சுற்றி வந்தது. "இங்கதானே ஒருத்தி நின்னு தவிச்சிட்டிருந்தா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அதற்கு இலைகள்தான் தெரிந்தன. போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, எல்லாரும் இடம் சேர்ந்தார்களா என்று பார்க்க உடும்பார் நனைந்துகொண்டே வந்தார். செடியிலிருந்து குரல் கேட்டதும் திடுக்கிட்டார்.

"பெரியவரே, இந்த நடுவுல இருக்கிற மண்ணு எந்தக் கல்லோடது?"

உடும்பார் வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். நடுவை அவர் யாருக்கும் ஒதுக்கவே இல்லை.

"யாரோடதும் இல்ல. எல்லாரும் நடந்து போற இடம்" என்றார். தன் சட்டத்தில் இப்படி ஓர் ஓட்டையா என்று அவருக்கே குழப்பமாகிவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

அவர் மறையும் வரை பச்சோந்தி காத்திருந்தாள். உடும்புக்கு முட்டை என்றால் உயிர் என்பது அவளுக்குத் தெரியும். பிறகு இறங்கி, வலது காலை அந்த மண்ணில் அழுத்தி ஊன்றினாள். தோண்டினாள். முட்டைகளை இட்டு மூடினாள். தான் எந்தத் தொழில்காரி என்று அப்போதும் அவளுக்குப் புரியவில்லை. ஆனால் மழை முடிந்து மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வந்த குஞ்சுகள் அத்தனையும், ஒரு கண்ணால் இந்தப் பக்கமும் ஒரு கண்ணால் அந்தப் பக்கமும் பார்த்தபடி, தூக்கிய காலை வைக்காமல் ஆடின.

ஆளுக்கொரு நிறம் காட்டுகிறது என்று நாம் பச்சோந்தியைத் திட்டுகிறோம். அது ஒவ்வொன்றின்மேலும் ஆசைப்பட்டதுதான் அதன் தோலில் தெரிகிறது. அன்று முதல்தான் பச்சோந்தி எங்கே போவது என்று தெரியாததைப்போல முன்னும் பின்னும் ஆடி நடக்கிறது. முட்டையிட மட்டும் மரத்தை விட்டு இறங்கி வந்து, யார் பெயரிலும் இல்லாத மண்ணாகப் பார்த்துக் காலை ஊன்றுகிறது.