புழுவுக்கும் வெயில் சுடும்

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு புகையிலைத் தோட்டத்தில், இலைக்கு அடிக்கிற பூச்சிமருந்துகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாத்தி பாத்தியாகப் புழுவை எண்ணி எழுதுவது சின்னக்காமுவின் வேலை. பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. நாள் முழுக்க அவள் வாயில் வந்ததெல்லாம் எண்கள்தான்.

ஒருநாள் உச்சிவெயிலில், டிரைவர் குடை பிடிக்க, மருந்துக் கம்பெனி மேனேஜர் தயாநிதி வந்தார். கூடவே ஒரு வயதான விஞ்ஞானியும் வந்தார். கம்பெனி மருந்தடித்த பாத்தியில் செடிக்கு ஆறு புழு என்று விடிகாலையில் எண்ணி எழுதியிருந்தாள் சின்னக்காமு. தயாநிதி இலை இலையாகப் புரட்டினார். ஒன்றுகூட இல்லை.

"பொய்க் கணக்கு! இப்பவே ஒரு புழுவைக் காட்டு. இல்லேன்னா பூஜ்யம்னு திருத்திட்டு வேலையை விட்டுப் போ."

"சார், உங்களுக்கு எதுக்குங்க குடை?"

"வெயில் கொளுத்துறது தெரியலையா?"

"புழுவுக்கும் அதே வெயில்தானுங்க. பாவம், அதுக்குக் குடை பிடிக்க ஆள் இல்லே."

குனிந்து, செடியின் தூரில் மண்ணைக் கிளறினாள். சுருண்டு படுத்திருந்த புழுக்கள் நெளிந்தன. வாய்விட்டு எண்ணிய விஞ்ஞானி ஆறில் நிறுத்தினார். தயாநிதி காரைப் பார்த்து நடந்தார்.

விஞ்ஞானிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஆறுன்னே இருக்கட்டும். இதை வீட்டுல போய்ச் சொல்லும்மா, எல்லாரும் சிரிப்பாங்க."

"சொல்றேங்கய்யா."

சாயங்காலம் வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போனவள், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, நடந்ததை முதலிலிருந்து சத்தமாகச் சொன்னாள். சிரிக்கவேண்டிய இடம் வந்ததும் அவளே சிரித்துக்கொண்டாள்.